இறால் தொக்கும் ஜெர்மானியக் கஞ்சியும்

குத்தாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில், வெளிநாட்டுப் பிள்ளைகளைப் பார்க்கப் புறப்படுகிற பெற்றோர் எல்லோரும் இப்போது முதலில் என் வீட்டுக்கு வருகிறார்கள். பணிக்காலம் முழுவதும் அரசு நூலகத்தில் நூலகராக இருந்தவன் நான். மேட்டூர்த் தண்ணீர் எந்த வருஷம் எந்தத் தேதியில் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர்ந்தது, எங்கள் கோயில் மணி எப்போது ஏற்றப்பட்டது, கல்லறைத் தோட்டத்தில் எழுத்தழிந்த கற்களுக்கு அடியில் யார் யார் இருக்கிறார்கள் என்பதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். அவற்றைப் பற்றி இதுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. வருகிறவர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: “சார், அங்க போயி வயிறு கெட்டுப்போனா என்னத்த சாப்பிடறது?”

இந்தத் துறையில் நான் நிபுணனான கதையைப் பரப்பியவர் என் மனைவியின் தம்பி. பாபநாசத்தில் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறார். சுவிட்ச் வாங்க வருகிறவர்களுக்கு இந்தக் கதையை இலவச இணைப்பாகக் கொடுத்தனுப்புகிறார். அதில் பாதி அவருடைய கற்பனை. உண்மை அந்தக் கற்பனையைவிட மோசம் என்பதால், நானே எழுதிவிடுவது எனக்குத்தான் நல்லது.

தேதிகளைப் போடக்கூடாது என்பது என் மனைவியின் நிபந்தனை. “பேதி ஆனதுக்கெல்லாம் தேதி எதுக்குங்க? வருஷா வருஷம் நினைவுநாள் கொண்டாடப் போறீங்களா?” என்று கேட்டாள். ஆகவே கிழமைகள் மட்டும்.

முதலில் எங்கள் வீட்டுச் சட்டத்தைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் பிரெட்தான். காய்ச்சலா, பிரெட். மஞ்சள் காமாலையா, பிரெட். பேதியா, பிரெட்டை நெருப்பில் வாட்டி, பால் இல்லாத டீயில் தோய்த்துக் கொடுப்போம். டெல்டாவில் பாதி வீடுகளில் இதுதான் வழக்கம். ஆஸ்பத்திரியில் யாராவது படுத்திருந்தால், பார்க்கப் போகிறவர்கள் கையில் ஒரு பிரெட் பாக்கெட் இருந்தே தீரும். நோயாளி எழுந்து வீட்டுக்குப் போன பிறகும் அந்தக் கட்டிலடியில் ஒரு வாரத்துக்கான பிரெட் கிடக்கும். மூன்று போகம் நெல் விளைந்த மண்ணில் உடம்புக்கு முடியாதபோது மட்டும் அரிசியை நம்பமாட்டோம்.

எங்கள் வீட்டுச் சட்டத்துக்கு இன்னொரு பிரிவும் உண்டு. கஞ்சி கூடாது. இது என் அப்பா போட்டது. அவர் பண்ணையாளாக இருந்தவர். நடுப்பகலில் வயலுக்குக் கஞ்சி வரும். வரப்பில் குந்தியிருப்பவர்கள் குவித்து நீட்டிய கைகளில், தொட்டுவிடாத உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். அதைப் பற்றி அவர் ஒரே ஒரு முறைதான் பேசினார். பிறகு குத்தகை உரிமை வந்து, நிலம் வந்து, நான் அரசு வேலைக்குப் போய் முதல் சம்பளம் வாங்கிய அன்று, “இனிமே இந்த வீட்டு அடுப்புல கஞ்சி வேகக் கூடாது” என்றார். அவர் போன பிறகும் சட்டம் அமலில் இருந்தது. என் மனைவி சோறு குழைந்துவிட்டால்கூட அதற்கு வேறு பெயர் வைத்துத்தான் பரிமாறுவாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்களுக்கு ஒரே மகள். ஜெர்மனியில் ஒரு மருத்துவமனையில் செவிலியர். அந்த ஊர்ப் பையனையே கல்யாணம் செய்துகொண்டாள். நாங்களும் அவர்களும் லுத்தரன் சபை என்பதால் ‘சபை விட்டுச் சபை’ என்ற பஞ்சாயத்துக்கு மட்டும் உறவினர்களுக்கு வாய்ப்பில்லாமல் போய்விட்டது, மற்றவற்றை விடவில்லை. கல்யாணத்துக்கு எங்களுக்கு விசா கிடைக்கவில்லை. இவர் சொந்த ஊருக்குத் திரும்பிப் போவார் என்று நம்புவதற்குப் போதிய காரணம் இல்லை என்ற பொருளில் ஒரு வரி எழுதியிருந்தார்கள். சம்பாவுக்கு நாற்றங்கால் விட்டுவிட்டு, ஜெர்மனியில் ஒளிந்து வாழ்ந்து நான் என்ன செய்வேன் என்று அவர்கள் எண்ணினார்களோ தெரியவில்லை. மகள் கல்யாணத்தை எங்கள் கூடத்தில், செல்போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்துவைத்துப் பார்த்தேன். மோதிரம் மாற்றுகிற நேரத்தில் கரண்ட் போயிற்று. படம் திரும்ப வந்தபோது எல்லோரும் கேக் தின்றுகொண்டிருந்தார்கள்.

அதனால் பேத்தி பிறந்தபோது மகள் சொன்னாள்: “அப்பா, உங்களுக்கு விசா வந்த பிறகுதான் ஞானஸ்நானம். போதகர் முன்னாடி பிள்ளையை நீங்கதான் தூக்கிக்கிட்டு நிக்கணும்.” இம்முறை விசா வந்தது. வியாழக்கிழமை போய் இறங்குகிறோம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஞானஸ்நானம். இந்த ஒரு காரியத்துக்காகத்தான் பயணமே. கோட்டை, அருங்காட்சியகம் எல்லாம் பிறகு.

நான் எதையும் படித்துவிட்டுச் செய்கிறவன். அந்த நாட்டுக்குள் எந்தெந்த உணவுப் பொருளைக் கொண்டுபோகலாம் என்ற விதிகளை முழுவதும் படித்தேன். இறைச்சிக்கு அனுமதி இல்லை, பாலுக்கு இல்லை, ஆனால் மீன் வகையறாவுக்கு உண்டு. ஆகவே இறால் தொக்கு. எவர்சில்வர் டப்பாவில், மேலே ஒரு விரல் எண்ணெய் நிற்க, என் மேற்பார்வையில் தயாரானது. அனுமதி உண்டா என்று அத்தனை பக்கம் படித்தவன், அது சென்னைவரை காரிலும், பிறகு வளைகுடா விமான நிலையத்தில் நெடுநேரமும், விமானத்தில் பெட்டிக்குள்ளும் எப்படி இருக்கும் என்பதைப் பற்றி ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை.

“என்னங்க, எறா தாங்குமா?” என்று கேட்டாள் மனைவி.

“எண்ணெய் நிக்கிது பாரு. ஒண்ணும் ஆகாது” என்றேன். நூலகர் சொன்னால் எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது. இப்போது உண்டு.

பெட்டியை எடை போட்டபோது கொஞ்சம் கூடுதலாகக் காட்டியது. முறுக்கு டின்னை எடுக்க மனம் வரவில்லை. மனைவி வைத்திருந்த ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களை எடுத்து வெளியே வைத்தேன். சிட்டுக்குருவியின் எடைகூட இல்லாத பொட்டலங்கள். விமானம் பாதுகாப்பாக மேலெழுந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

விமானத்தில் கொடுத்த சாப்பாட்டை நான் தொடவில்லை. வெளிச்சாப்பாடு வயிற்றுக்கு ஆகாது என்ற முன்னெச்சரிக்கை.

வியாழன் மாலை சம்பந்தியம்மா வீட்டில் வரவேற்பு விருந்து. கணவரை இழந்தவர், தனியாக இருக்கிறார், வயது எழுபதுக்கு மேல். மேஜையில் பிரெட், பலவகைப் பாலாடைக்கட்டி, ஊறவைத்த வெள்ளரிக்காய், வெண்ணெய். அடுப்பு எரிந்த அடையாளமே இல்லை. அங்கே இரவுச் சாப்பாடே அப்படித்தானாம். முதல்முறை வீட்டுக்கு வந்த சம்பந்திக்கு அடுப்பு மூட்டாமல் விருந்து வைக்கிறார்களே என்ற என் அதிர்ச்சியை, அவருக்கு உதவும் நல்லெண்ணத்தில் வெளிப்படுத்தினேன். டப்பாவைத் திறந்து அவருடைய பிரெட்டின்மேல் இறால் தொக்கை நன்றாகத் தடவினேன். அவர் முகர்ந்து பார்த்துவிட்டு மிகுந்த மரியாதையோடு வேண்டாம் என்றார். மகள் வேண்டாம் என்றாள். மனைவி என்னைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றாள். நான்கு பேர் பங்கையும் நானே சாப்பிட்டேன்.

மகள் வீட்டில் வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து நான் ஜெர்மனியில் ஒரே ஓர் அறையைத்தான் பார்த்தேன். சுத்தமான அறை. உள்ளே ஒரு சிறிய புத்தக அலமாரிகூட இருந்தது. நூலகம் இருக்க வேண்டிய இடம் அதுவல்ல என்று முதல் தடவை நினைத்தேன். ஏழாவது தடவை அந்த நினைப்பு இல்லை.

மகள் தன் ஆஸ்பத்திரிக் குரலில் விசாரித்தாள்: “காய்ச்சல் இருக்காப்பா? ரத்தம் போகுதா? தலை சுத்துதா?” எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். “அப்ப பயப்பட ஒண்ணுமில்ல. அதுல ஏதாவது ஒண்ணு வந்தா உடனே டாக்டர்கிட்ட போயிடணும். இப்போதைக்கு இழக்கிற தண்ணிய உள்ள அனுப்பணும், அவ்வளவுதான். ஓ.ஆர்.எஸ். எடுத்துட்டு வந்தீங்கல்ல?”

மனைவி என்னைப் பார்த்தாள். நான் முறுக்கு டின்னைப் பார்த்தேன். மகள் மேல்கோட்டு மாட்டிக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனாள்.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், ‘இங்குள்ள பாலாடைக்கட்டி ஒத்துக்கொள்ளவில்லை’ என்று எழுதினேன். ஒரு நாட்டின்மேல் பழி போடுவது எவ்வளவு சுலபம்! உடனே டெல்டா முழுவதும் மருத்துவமனையாக மாறியது. வெந்தயத்தை மோரில் போடு என்றார்கள். மாதுளம்பழத் தோலைக் கொதிக்க வை என்றார்கள். ஓமம் என்றார்கள். கொய்யாக் கொழுந்து பறித்து மெல்லச் சொன்னார் ஒருவர். பனி மூடிய தெருவில் கொய்யா மரத்தைத் தேடச் சொன்னது போலிருந்தது. திருப்பனந்தாள் பக்கத்துச் சித்தப்பா ஒருவர் எதுவும் சொல்லாமல் கைகூப்பும் படத்தை அனுப்பினார். அது இரங்கல் செய்திக்கு அனுப்புகிற படம்.

மைத்துனர் வீடியோவில் வந்தார். “மாமா, பாலாடைக்கட்டியா, எறாவா?”

“பாலாடைக்கட்டிதான்.”

“அக்காவும் தின்னுச்சுல்ல, அதுக்கு ஒண்ணும் ஆகலையே?”

“ஒவ்வொரு உடம்பு ஒவ்வொரு மாதிரி.”

“உங்க உடம்புக்கு எறான்னா பாலாடைக்கட்டி மாதிரி தெரியுது போல. சரி மாமா, ஞாயித்துக்கிழமை பிள்ளையைத் தூக்கிக்கிட்டு நிக்கறப்ப முட்டிய இறுக்கி வச்சுக்கங்க.”

அதைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணத்தை மின்சார வாரியம் கெடுத்தது. ஞானஸ்நானத்தைக் கெடுக்க வாரியமே தேவையில்லை, நானே போதும் என்று ஆகிவிடும் போலிருந்தது. சபையார் முன்னால் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு திடீரென்று ஓட வேண்டி வந்தால்? குழந்தையோடு ஓடுவதா, கொடுத்துவிட்டு ஓடுவதா?

“பிரெட் கொடும்மா” என்றேன் மகளிடம், வீட்டுச் சட்டப்படி. பிரெட்டுக்குப் பேர் போன நாடு; நோயாளி பிழைத்துக்கொள்வான் என்று நம்பினேன். அவள் கொண்டுவந்தது கறுப்பாக, புளித்த வாசனையோடு, உள்ளே முழுத் தானியங்கள் பதித்து, செங்கல் எடையில் இருந்தது. எங்கள் குத்தாலத்து பிரெட் வாயில் போட்டால் கரையும். இது பல்லோடு வழக்காடியது. “அப்பா, இதுல நார் அதிகம், இப்ப வேண்டாம்” என்று மகளுக்குள்ளிருந்த செவிலியர் சொன்னார். நூலகர் கேட்கவில்லை. முழுதாக ஒரு துண்டு தின்றேன். வெள்ளி பிற்பகலில் கண்ட பலனைப் பற்றி எழுதுவதற்கில்லை.

மாலையில் சம்பந்தியம்மா வந்தார். கையில் உப்புத் தூவிய மெல்லிய பிஸ்கட் குச்சிகள், ஒரு பாட்டில் கோலா. தன் மகனுக்குச் சின்ன வயதில் வயிறு கெட்டால் இதுதான் கொடுப்பாராம். ஊரெல்லாம் இதுதானாம். வாட்ஸ்அப் குழு எங்கள் ஊரில் மட்டும் இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. மகள் கோலாவை வாங்கி ஓரமாக வைத்தாள். “சக்கரை ஜாஸ்தி, இன்னும் போகும். குச்சி ரெண்டு தின்னுங்க, தப்பில்ல” என்றாள். குச்சி நன்றாகவே இருந்தது. எங்கள் ஓமப்பொடியின் தூரத்து உறவு.

சனிக்கிழமை காலை, மருந்துக்கடைப் பொடி கரைத்த தண்ணீரின் தயவில் ஓட்டம் குறைந்திருந்தது. ஆனால் எழுந்து நின்றால் கால் தள்ளாடியது. உள்ளே ஏதாவது போக வேண்டும், போனது தங்க வேண்டும். மத்தியானம் சம்பந்தியம்மா மறுபடியும் வந்தார். இந்த முறை மூடி போட்ட ஒரு பாத்திரம், துணியில் சுற்றி. மூடியைத் திறந்தார். ஆவி பறந்தது.

கஞ்சி.

சந்தேகமே இல்லை. அரிசியைக் குழைய வேகவைத்து, கடைந்து, உப்புப் போட்ட கஞ்சி. என் மனைவி சட்டென்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியதிலிருந்து அது இரக்கம் இல்லை என்று தெரிந்தது.

“பசி இல்லைன்னு சொல்லும்மா” என்றேன் மகளிடம்.

“என்னப்பா பசி இல்ல? நேத்துலேருந்து ஒழுங்கா ஒண்ணும் சாப்பிடல நீங்க.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “தாத்தா சொன்னதெல்லாம் எனக்கும் தெரியும்ப்பா. ஆனா நாளைக்கு உங்களால நிக்க முடியலன்னா இவங்கதான் பிள்ளையைத் தூக்குவாங்க. அப்பறம் உங்க இஷ்டம்.”

சம்பந்தியம்மாவுக்கு ஏதோ தப்பாக இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. மகளிடம் நீளமாக ஏதோ கேட்டார். மகள் இருபுறமும் மொழிபெயர்த்தாள். நெல் விளைகிற ஊர்க்காரர்கள்தானே, உங்களுக்கு இது பழகினதாக இருக்குமே என்று கேட்டாராம். மனைவி முந்திக்கொண்டாள்: “எங்க வீட்ல முடியாதவங்களுக்கு பிரெட்தான் குடுப்போம்னு சொல்லுடி.”

மகள் சொன்னாள். சம்பந்தியம்மா சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று. “பிரெட்டா! வயிறு சரியில்லாதவருக்கா!” அவருக்கு பிரெட் என்பது தினமும் தின்கிற சாதாரணச் சாப்பாடு. அரிசிதான் கடைக்குப் போய் வாங்குவது, நோயாளிக்கு என்று தனியாக, கொஞ்சமாக. சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் தன் அம்மா இதை வெள்ளிக் கரண்டியில் ஊட்டுவார் என்றார். அந்தக் கரண்டியையும் துணிக்குள் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

ஆக, அவர் நாட்டில் நான் பிரெட் கேட்டதும், என் முன்னால் அவர் கஞ்சியை வைத்ததும் ஒரே காரியம்தான். இதைக் கண்டுபிடிக்க ஒரு வாழ்நாள் நூலக அனுபவமும் ஒரு டப்பா இறாலும் தேவைப்பட்டன.

ஆனாலும் நான் டெல்டாக்காரன். கேட்காமல் இருக்க முடியவில்லை. “அரிசி பழசான்னு கேளும்மா.” புது நெல் அரிசி வயிற்றைக் கெடுக்கும், குழைந்து மந்தமாகும், பத்தியத்துக்குப் பழைய அரிசிதான் என்பது எங்கள் பக்கம் குழந்தைக்கும் தெரியும்.

மகள் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டாள். சம்பந்தியம்மாவின் முகம் சிவந்தது. பழைய அரிசியா? சம்பந்திக்குப் பழையதைப் போடுவேனா? நேற்றுத்தான் வாங்கினேன்! விடுவிடென்று தன் பையிலிருந்து மீதி அரிசிப் பாக்கெட்டை எடுத்து என் முன்னால் வைத்து, அச்சடித்திருந்த தேதியை விரலால் தட்டிக் காட்டினார். என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் தாமாகவே முன்வந்து எனக்கு ஒரு தேதியைக் காட்டினார். அதை மதிக்காமல் இருக்க முடியுமா?

“பழசுன்னா எங்க ஊர்ல உசத்தின்னு சொல்லித் தொலையேன்” என்றாள் மனைவி. மகள் விளக்கினாள். சம்பந்தியம்மா நம்பவில்லை. ஆனால் உட்கார்ந்தார். கிண்ணத்தில் ஊற்றி, வெள்ளிக் கரண்டியைப் போட்டு, இரண்டு கைகளாலும் என்னிடம் நீட்டினார். கிண்ணம் கைமாறும்போது அவர் விரல்கள் என் விரல்கள்மேல் பட்டன. அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

குடித்தேன். குண்டு அரிசி, எங்கள் வீட்டில் கோழிக்குக்கூட யோசித்துத்தான் போடுவோம். அன்று அது இறங்கியது, தங்கியது. மாலையில் இரண்டாவது கிண்ணத்தை நானே கேட்டு வாங்கினேன். கூட ஒரு வாழைப்பழம். மீதி இறால் தொக்கை மனைவி ஒரு வார்த்தையும் பேசாமல் குப்பைக்கு அனுப்பினாள். அங்கே குப்பையைப் பல நிறத் தொட்டிகளில் பிரித்துப் போட வேண்டும். அது எந்தத் தொட்டி என்பதில் மகளுக்கும் மருமகனுக்கும் சிறு விவாதம் நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மூன்றாவது கிண்ணம். பிறகு கோயில். மகள் எங்களைக் கதவோரத்து இருக்கையில் உட்காரவைத்து, கழிவறை எந்தப் பக்கம் என்று காட்டினாள். பாட்டின் மெட்டு எங்கள் கோயிலில் பாடுகிற அதே மெட்டு, வார்த்தைதான் வேறு. பிரசங்கம் எந்த மொழியில் இருந்தாலும் ஒரே நீளம்தான் என்பதையும் உறுதிப்படுத்திக்கொண்டேன். என் வயிறு இரண்டு முறை உறுமியது. முன்வரிசையிலிருந்து சம்பந்தியம்மா திரும்பிப் பார்த்தார். கஞ்சி நிற்குமா என்ற கவலை என்னைவிட அவருக்கு அதிகம், சமைத்தவர் அவர்.

அழைத்தார்கள். எழுந்து நடந்தேன். மகள் பிள்ளையை என் கையில் வைத்தாள். கால் தள்ளாடவில்லை. போதகர் மூன்று முறை தண்ணீர் ஊற்றினார். பிள்ளை அழவில்லை, என்னையே உற்றுப் பார்த்தாள். முகம் மெல்லச் சிவந்தது. புருவம் சுருங்கியது. கடந்த இரண்டு நாளும் கண்ணாடியில் நான் பார்த்த அதே முகபாவம். என் முழங்கை வெதுவெதுப்பாகியது.

சத்தம் கேட்டது. கல் கட்டடம், நல்ல எதிரொலி. போதகர் நிறுத்தினார். சபையார் அத்தனை பேரும் பார்த்தது பிள்ளையை அல்ல. வெள்ளிக்கிழமைச் செய்தி அந்தச் சிறிய ஊரில் யாருக்குத்தான் தெரியாது? மகள் என்னைப் பார்த்தாள். சம்பந்தியம்மா தன் கஞ்சி கைவிட்டுவிட்டதே என்ற துயரத்தோடு கண்களை மூடிக்கொண்டார். வாயைத் திறந்து மறுக்க எனக்கு அந்த மொழி தெரியாது. நகரவும் முடியாது, ஆசீர்வாதம் முடியவில்லை. நின்றேன். கடைசி ஆமென்வரை, பிள்ளையை இறுக அணைத்துக்கொண்டு, அசையாமல் நின்றேன். பிறகு மகள் வந்து வாங்கினாள். வாங்கியவுடன் தெரிந்துகொண்டாள். அவள் சிரிக்கத் தொடங்க, சம்பந்தியம்மா ஓடிவந்து பார்த்து, என் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார்.

ஆகவே கேட்டு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை மறக்காதீர்கள், முறுக்கை மறக்கலாம். இரண்டு நாள் கஞ்சி, வாழைப்பழம். பாலும் எண்ணெயும் வேண்டாம். காய்ச்சலோ ரத்தமோ கண்டால் மருத்துவர். கஞ்சி எங்கள் வீட்டு அடுப்பில் இப்போது வேகிறது, எங்கள் வயல் அரிசியில், பழைய அரிசியில். கிண்ணத்தில் ஊற்றி, கரண்டி போட்டு.

கோயிலில் பிள்ளையோடு நான் அசையாமல் நின்ற அந்த நேரத்தில் எடுத்த புகைப்படம் எங்கள் கூடத்தில் பெரிதாக மாட்டியிருக்கிறது. பிள்ளை முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. என் கண்கள் மேலே பார்க்கின்றன, உதடுகள் இறுகியிருக்கின்றன. வருகிற சபையார் எல்லோரும் அதன் முன்னால் நின்று, “என்ன ஒரு பயபக்தி சார் உங்க முகத்துல!” என்கிறார்கள். நான் மறுப்பதில்லை.